பளிச்சுனு வாங்க

விடிவதற்குச் சற்று முன்புதான் தாமிரக் கம்பி கனக்கத் தொடங்கும். இரவு முழுக்க அதே கம்பி, அதே காயில் சுருள். ஆனாலும் அந்தக் கடைசி நேரத்தில் அது தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வார்னிஷ் நெடி தொண்டையில் அப்பும். ஹெப்பாளின் ஐடி வளாகத்துக்கு ஏசி பஸ்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே, தொழிற்பேட்டைத் தகரக் கூரைக்கடியில் ஒரு வரிசைப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் விரலால் சுற்றினார்கள். ஜீவிதா கண்ணால் சுற்றினாள். கம்பி இறுகுகிறதா தளர்கிறதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டன. கம்பி அறுத்தால்கூட, காயிலில் ரத்தத்தைப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பிரஸ் மெஷின் அந்த இரண்டையும் நசுக்கியது. விரல் தப்பியது, உணர்ச்சி போனது. சூப்பர்வைசர் மனோஜ்குமார் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். "அக்கா, மெஷின்லன்னு சொன்னா விசாரணை அது இதுன்னு லைனை நிறுத்திருவாங்க. எல்லாரோட பூஜை போனசும் போயிரும். வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

அவளைப் போல அவனும் கௌதள்ளிக்காரன். வாய் நிறைய அக்கா என்பவன். அவள் அப்படியே சொன்னாள். லைனில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். போனஸ் வந்தது. ஜீவிதாவும்தான் வாங்கினாள். யாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஷிப்ட் முடிகிற மணி அடித்ததும் மனோஜ்குமார் ஒரு பெட்டி மேல் ஏறி நின்றான்.

"பழைய கான்ட்ராக்ட் இன்னியோட முடியுது. யாரும் பயப்படாதீங்க. காலேஜ் கிரவுண்ட்ல இன்னிக்கு உத்யோக மேளா. புது கான்ட்ராக்ட் ஸ்டால் அங்க இருக்கு. இன்டர்வியூ குடுத்துட்டு திங்கக்கிழமை இதே சேர்ல வந்து உக்காருங்க."

"இதே வேலைக்கா?" என்றாள் மாதேவி. வரிசையிலேயே மூத்தவள், வீட்டில் கன்னடம், லைனில் தமிழ்.

"இதே வேலைதான்."

"ஆமேல... அப்புறம் இன்டர்வியூ எதுக்கு சார்?"

"அது புரொசீஜர். முகம் கழுவிட்டு பளிச்சுனு வாங்க. சிரிச்ச முகமா இருங்க. ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் முக்கியம்."

வருஷக்கணக்காக இந்த முகங்களையே பார்த்தவனிடம் முதல் தடவையாக நல்ல பேர் எடுக்க வேண்டுமாம். புது ஆள் என்றால் புது ஆள் சம்பளம். உழைத்த வருஷமெல்லாம் குப்பைக்கு. அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் விளங்கியது. ஜீவிதாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இங்கே வேலை போனால், கையைப் பார்த்து ஆள் எடுக்கிற வேறெந்தக் கம்பெனியும் தன்னை எடுக்காது, இரண்டு பெண்களின் படிப்பும் அத்தோடு நிற்கும் என்பது மட்டும் தெரிந்தது. அதுவும் பக்கத்து வீட்டுச் சேதி மாதிரிதான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக் குழாயில் எல்லாரும் முகம் கழுவினார்கள். வரிசையில் இளையவளான ரூபா பையிலிருந்து நகப்பூச்சை எடுத்தாள்.

"அக்கா, கையக் காட்டுங்க. நகம் கறுத்துக் கெடக்குது. பாத்தா கேள்வி கேப்பாங்க."

"செவப்பா பூசுற? எனக்கு நல்லாருக்குமாடி?"

"சினிமாக்காரி மாதிரி இருக்கும். ஆடாம இருங்க."

ஜீவிதா ஆடவில்லை. தூரிகை பட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

மைதானம் முழுக்கப் பந்தல். ஃபைலை நெஞ்சோடு அணைத்த பட்டதாரிப் பிள்ளைகள், இரவல் டை கட்டிய பையன்கள், வாசலில் சிரிப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைகிறவர்கள். புதுப் பெயர் எழுதிய ஸ்டாலில், புது அடையாள அட்டை தொங்க மனோஜ்குமாரே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஸ்வாதி என்ற சின்ன வயது அதிகாரி. அவள் முன்னால் துளையிட்ட பலகையும் ஒரு கிண்ணம் இரும்புக் குச்சியும்.

"ஒவ்வொண்ணா எடுத்து சொருகுங்க. வேகமா," என்றாள் ஸ்வாதி.

முதலில் ஜீவிதா. சிரித்த முகமாக உட்கார்ந்தாள். குச்சியை எடுத்தாள், விழுந்தது. குனிந்து பார்த்து மறுபடி எடுத்தாள், துளைக்குப் பக்கத்தில் விழுந்தது. பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதையே ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சிரிப்பு ஒன்றுதான் கீழே விழவில்லை.

"கைக்கு என்னாச்சு?"

"வீட்ல விழுந்துட்டாங்க மேடம், பாவம்," என்று மனோஜ்குமார் முந்திக்கொண்டான். "அக்கா, ஓரமா நில்லுங்க. அப்புறம் பாக்கலாம். நெக்ஸ்ட்."

ஜீவிதா எழுந்து ஓரமாகப் போய் நின்றாள். இவ்வளவுதானா என்றிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அடுத்து மாதேவி. அவள் ஜீவிதாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மிச்ச விரல்களால் குச்சியை எடுத்தாள். விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது.

"என்ன மாதேவி அக்கா, விளையாடறீங்களா?"

"இன்டர்வியூ குடுக்கறேன் சார்."

அவளுக்கு அடுத்தவளும் இரண்டு விரலை மடக்கினாள். யாரும் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை. அதற்கடுத்து ரூபா. தை மாதம் கல்யாணம், அதற்குப் பணம் சேர்த்துவைக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேண்டாம்டி என்று ஜீவிதா தலையை ஆட்டினாள். ரூபா அந்தப் பக்கமே திரும்பாமல் விரலை மடக்கினாள்.

மனோஜ்குமார் குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை லோடு போகணும். வயித்துல அடிக்காதீங்க."

"யார் வயித்துல சார்?" என்றாள் மாதேவி.

"எல்லாரையும் ஃபெயில் போட்டுருவேன்."

"போடுங்க. திங்கக்கிழமை கம்பிய நீங்க சுத்துவீங்களா?"

"ஆளா இல்ல? கிரவுண்ட் நிறைய நிக்கிறாங்க பாருங்க."

"கூப்பிடுங்களேன்," என்றாள் ரூபா. "கத்துக்க எத்தன மாசம் ஆகும்னு அவங்களுக்குச் சொல்லிக் கூப்பிடுங்க."

பக்கத்து ஸ்டால் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வாதி எழுந்து நின்றாள். "இங்க என்ன நடக்குது? யாராவது சொல்லுங்க."

வரிசை முழுக்க ஜீவிதாவைப் பார்த்தது. பொய் அவள் வாயால் போனது. அவள் வாயால்தான் திரும்ப வேண்டும்.

"நான் வீட்ல விழலீங்க மேடம்." வேறு யாருடைய குரலோ போல இருந்தது. "இந்த வெரலு கம்பெனி பிரஸ்ல நசுங்குச்சுங்க. விழுந்தேன்னு சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்."

"சாட்சி யாரு அக்கா?" மனோஜ்குமார் சிரித்தான். "யார் பாத்தா?"

"நானு நோடிதே," என்றாள் மாதேவி. பிறகு தமிழிலும் சொன்னாள்: "நான் பாத்தேன். போனஸ் வாங்கிட்டு வாய மூடிட்டேன்."

"நானும்," என்றாள் ரூபா.

"நானுந்தாங்க." வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல். அதற்கும் பின்னால் இன்னொன்று. குரல்கள் பந்தல் வாசல் வரை போயின.

"எடுத்தா எல்லாரையும் எடுங்க. பழைய ஆளா எடுங்க," என்றாள் மாதேவி. "அது வரைக்கும் யாரும் இங்கிருந்து போறதில்ல."

மேஜை மேல் மனோஜ்குமாரின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்துதான். அவன் எடுக்கவில்லை. ஸ்வாதி பேனாவைக் கையில் வைத்திருந்தாள். என்ன எழுதுவாள் என்று யாருக்கும் தெரியாது.

ஜீவிதா ஓரத்திலிருந்து நடந்து வந்தாள். மாதேவி நகர்ந்து இடம் விட்டாள். வரிசையில் நின்றபின்தான் அவளுக்குக் கோபம் வந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கோபம். வந்ததே என்றிருந்தது அவளுக்கு.