கூடும் தம்பியின் ஒரே ஒரு நிச்சயம்

வானிலை ஆபீசில் ஜன்னல் கிடையாது. கம்ப்யூட்டர்களுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று எந்தப் புண்ணியவானோ எல்லாவற்றையும் அடைத்துவிட்டான். வெளியே மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், டீ வாங்கப் போன பியூன் நனைந்து வருகிறாரா என்று பார்க்க வேண்டும். அந்த அறையில் உட்கார்ந்துதான் தம்பி தினமும் காலையில் விவசாயிகளின் செல்போனுக்குப் போகும் வானிலைச் செய்தியை எழுதுவான்.

தம்பி என்பது அவன் அக்கா கூப்பிடுவது. அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அவனுக்கு வேறு பெயர்: ‘கூடும்’. ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும், பலத்த காற்று வீசக்கூடும், வானம் மேகமூட்டத்துடன் காணப்படக்கூடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத் தாண்டி அவன் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, “என்ன கூடும், சாப்பிட்டாச்சா, இல்ல சாப்பிடக்கூடுமா?” என்பார். அவனும் சிரித்து வைப்பான். வேறென்ன செய்வது!

போன வருஷம் அக்கா அவன் செய்தியை வேதவாக்காக நம்பினாள். வறண்ட வானிலை நிலவக்கூடும் என்று வந்தது. பிடுங்கிய வெங்காயத்தை வயலிலேயே தாளோடு காயப்போட்டாள். அன்று சாயங்காலம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பாதி வெங்காயம் அழுகியது. அன்றைக்கு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பி மழை என்றால் வெங்காயத்தைத் திறந்து போட வேண்டும். வெயில் என்றால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதிர்ஷ்டமோ என்ன எழவோ, அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அது பலித்தது.

“என் தம்பி சொன்னா சொன்னதுதான். அதுக்கு நேர்மாறா நடக்கும், ஒரு தடவைகூட தப்பாது” என்று அவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாள். அதில் துளி நக்கல் கிடையாது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷ வெங்காயம் முழுக்க வயலில் கிடந்தது. அதை விற்றுத்தான் அக்கா வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும். மழை பெய்தால் அந்த வீட்டில் சமையல் பாத்திரமெல்லாம் தரையில்தான் இருக்கும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு. மூடி வைத்த வெங்காயம் வெயிலில் புழுங்கி அழுகும்; திறந்து வைத்தது மழையில் நனைந்து அழுகும். எந்தப் பக்கம் தப்பாகப் போனாலும் கூரை போச்சு.

அன்று காலை தம்பி ரேடார் படத்தைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அக்கா ஊரைக் குறி வைத்தது போல ஒரு மேகக்கூட்டம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் உத்தியோகத்தில் முதல் தடவையாகச் சந்தேகமே இல்லை. எழுதினான்: ‘மாலைக்குள் கனமழை நிச்சயம். விளைபொருட்களை மூடி வைக்கவும்.’

தலைமை அதிகாரி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னப்பா இது, நிச்சயம்னு போட்டிருக்க?”

“நிச்சயமா வரும் சார்.”

“வரட்டும், வேண்டாம்னு சொல்லல. வராம போனா யாரு பதில் சொல்றது? கூடும்னு போடு. வந்தாலும் நாம சொன்னதுதான், வராட்டியும் நாம சொன்னதுதான்.”

‘கனமழை பெய்யக்கூடும்’ என்று செய்தி போயிற்று. தம்பி ஒரு மணி நேரம் நாற்காலியில் நெளிந்தான். அக்கா இதைப் படித்துவிட்டு ‘ஆகா, இன்னைக்கு வெயில்தான்’ என்று தார்ப்பாயைத் தொடவே மாட்டாள். அவன் ஒரு முடிவோடு வராந்தாவுக்குப் போய் போன் போட்டான்.

“அக்கா, மெசேஜ் வந்துச்சா?”

“வந்துச்சுடா. மழைன்னு போட்டிருக்க.”

“அதெல்லாம் ஆபீசுக்காகப் போட்டது. மழை வராதுக்கா. நல்ல வெயில்தான்.”



“நெசமாவா?”

“சத்தியமா.”

“சரிடா தம்பி” என்று போனை வைத்தாள். குரலில் அப்படியொரு குளிர்ச்சி.

தம்பி டீ சொன்னான். கணக்கு கச்சிதம்: வெயில் என்று சொன்னால் அவள் மூடுவாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விவசாயிக்கு உபயோகமாக ஏதோ செய்துவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மத்தியானம் பியூன் தொப்பலாக நனைந்து வந்தபோது அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். அக்கா வாயாலேயே பாராட்டு கேட்க வேண்டுமென்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினான். பஸ் முழுக்க மழையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

வயலில் வெங்காயம் மிதந்துகொண்டிருந்தது.

அக்காவும் மாமாவும் முழங்கால் சேற்றில் நின்று கையில் கிடைத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் வரப்பில் அழகாக மடித்து வைத்திருந்தது. தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினான்.

“ஏன்க்கா மூடல?” அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

“நான் திறந்து போடலாம்னுதான் சொன்னேன். மெசேஜைப் பாத்துட்டு உங்க மாமாதான் எதுக்கும் மூடுவோம்னு பிடிவாதம் பிடிச்சாரு. பாதிக்கு மேல மூடியாச்சு. அப்பத்தான் நீ போன் பண்ணின.”

“வெயில்னுதானே சொன்னேன்! நான் சொன்னா நேர்மாறாத்தானே செய்வ?”

“அது ஆபீஸ் சொல்றதுக்குடா. நீ என் தம்பியா போன் போட்டு சத்தியம் பண்ற. அதை நம்பாம இருப்பேனா?”

 தம்பி உண்மையைச் சொன்னான்: மழை வரும் என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், அவள் மூட வேண்டுமென்றுதான் பொய் சொன்னதாகவும். அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி அவனைப் பார்த்தாள்.

“தப்பா போச்சுக்கான்னு சொல்லிட்டுப் போயேன்டா. யாரு உன்னை அடிக்கப் போறா? ‘எனக்குத் தெரியும், வேணும்னுதான் சொன்னேன்’னு எதுக்கு ஒரு பொய்?”

“அய்யோ, நெசமாத்தான்க்கா!”

“சரி விடு. ஆபீஸ்ல உனக்கே தப்பா சொல்லிக் கொடுத்திருப்பாங்க. நீ என்ன பண்ணுவ, பாவம்.”

மழை விட்டபோது காப்பாற்றியதை வீட்டு வாசலில் கொட்டினார்கள். கால்வாசி தேறலாம். நாளைக்கே நன்றாகக் காய்ந்தால்.

“நாளைக்கு எப்படி மாப்ளே?” என்றார் மாமா.

தம்பி கிளம்பும் முன் ரேடார் படம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். இந்த மழைக்குப் பின்னால் பொட்டு மேகம் இல்லை. “சுள்ளுனு வெயில் அடிக்கும் மாமா. பரப்பிக் காயவிடுங்க. தயவுசெஞ்சு மூடிடாதீங்க, புழுங்கிப் போயிடும்.”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தாள்.  மாமா எழுந்து வெளியே போனார்.

அக்கா அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாள். மழை விட்டும் அறை முழுக்கப் பாத்திரங்களில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. அவன் தட்டை மூலைக்கு நகர்த்தி வைத்தாள். வீட்டில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான். அவள் ஒழுகும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, “நல்லா சாப்பிடுடா, முகமே வாடிப்போச்சு” என்றாள்.

வாசலில் மாமா வெங்காயத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது.