மச்சினன் கொடுத்த ஒற்றை நட்சத்திரம்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழை, ரயில் பயணம், பழைய காதலி என்று ஏதேதோ தூண்டுதல் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒற்றை நட்சத்திரம். வானத்தில் இருப்பது இல்லை. புத்தகம் விற்கும் தளத்தில், வாசகர் கருத்துகளுக்குப் பக்கத்தில், ஐந்தில் நான்கு காலியாகக் கிடக்க ஒன்று மட்டும் மஞ்சளாக இருக்குமே, அது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பகலில் பல்செட் செய்கிறேன். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, முகம் தெரியாத ஆட்களுக்குச் சிரிப்பு தயாரித்துக் கொடுப்பது தொழில். மிச்ச நேரத்தில் விண்வெளிப் போர் நாவல் எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. பலூன் வெடித்தாலே பதறுகிற ஆள். ஆனாலும் ஒரு முழுப் படைப்பிரிவை வியாழன் கிரகத்துக்கு அப்பால் இறக்கி, நானூறு பக்கத்துக்குச் சண்டை போடவிட்டேன். எழுத்தில் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை.

இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்று சில நாள் திண்டாடினேன். திண்டாட்டத்தையும் பாருங்கள்:

"குட்டை என்ற சிப்பாய் கதவை நோக்கி ஓடினான்." (வேண்டாம். இது நாவலின் வரி. சொந்தச் சரக்கையே திருடக் கூச்சமாக இருக்கிறது.)

"என் மனைவி நல்லவள்தான், ஆனால்" (இந்த வாக்கியத்தை முடித்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.)

"வாசகனே தெய்வம்." (பச்சைப் பொய்.)

ஆக, வசவிலிருந்தே தொடங்கியாயிற்று.

2

வசவு புரிய வேண்டும் என்றால் நாவலின் முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டும். எதிரியின் குண்டில் கப்பலின் வயிறு கிழிகிறது. காற்று வெளியே போகிறது. நடுக்கதவை மூடினால் கப்பல் பிழைக்கும். ஆனால் குட்டை என்ற சிப்பாய் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு ஓடி வருகிறான். கடைசி அத்தியாயத்தில் கேப்டன் அம்மாள் கதவை மூடிவிடுகிறாள். குட்டை சாகிறான். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. (அடைக்காவிட்டாலும் அடைத்தது என்றுதான் பேட்டியில் சொல்வேன்.)

தளத்தில் நல்ல கருத்துகள்தான் வந்துகொண்டிருந்தன. அப்போது 'மணல்மூட்டை' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார்:

"நாவல் பாதியில் நிற்கிறது. கடைசி வரி: 'குட்டை மூச்சிரைக்க ஓடி வந்தான். கதவு'. அவ்வளவுதான். கதவு என்ன ஆனது? திறந்ததா, மூடியதா, பெயின்ட் அடித்தார்களா? முடிக்கத் தெரியாதவர் எதற்கு ஆரம்பிக்க வேண்டும்? ஒரு நட்சத்திரம். அதுவும் குட்டைக்காக."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் இன்னும் சிலர் கிளம்பி வந்தார்கள். 'டேங்க் டிரைவர்' என்பவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்: "கதவு என்று முடித்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் பிழைப்பே அதுதானே." 'சமையல்கட்டு' என்பவர் மூன்று கொடுத்திருந்தார்: "கதவு திறந்தது என்பது என் கட்சி. இங்கே பாதிப் பேர் மூடியது என்கிறார்கள். இதனால் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் தலையிட வேண்டும்."

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒற்றை நட்சத்திரம் குத்தியதைவிட, நான் எழுதாத முடிவுக்கு வந்த ஐந்து நட்சத்திரம்தான் அதிகமாகக் குத்தியது.

3

பதிப்பாளருக்குப் போன் போட்டு, அச்சகத்தில் யாரோ கடைசி அத்தியாயத்தை விழுங்கிவிட்டார்கள் என்று கத்தினேன். பாவம், மனிதருக்குத் தூசி ஆகாது. தும்மிக்கொண்டே கிடங்கில் இருந்த கட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்த்தார். எல்லாப் பிரதியிலும் குட்டை ஒழுங்காகச் செத்திருந்தான்.

(இந்த இடத்தில் ஒரு துப்பறியும் காட்சி எழுதியிருந்தேன். நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பதாக. எடுத்துவிட்டேன். லேபில் பற்களைப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி அது. கதைக்கு ஒத்துவரவில்லை.)

உண்மையில் துப்பு தானாக வந்து விழுந்தது. மணல்மூட்டையே மறுபடி எழுதியிருந்தார்: "முடிவு எழுத நேரமில்லை. ஆனால் முதல் பக்கத்தில் கையெழுத்து மட்டும் கொட்டை எழுத்தில் போட நேரமிருக்கிறது. 'உன்னைக் கேட்காமல் விண்வெளிக்கு அனுப்பியதற்கு மன்னிக்கவும்' என்று."

அந்த வரியை நான் ஒரே ஒரு பிரதியில்தான் எழுதினேன். என் மச்சினனுக்கு. மனைவியின் தம்பி. நிஜ ராணுவத்தில் நிஜச் சிப்பாய். எல்லையில், செய்திகளில் அடிக்கடி பேர் அடிபடுகிற இடத்தில் இருக்கிறான். சிக்னல் கிடைத்தால் பேசுவான், இல்லாவிட்டால் நாங்கள் செய்தி பார்ப்போம். ஆக, மணல்மூட்டை என் சொந்த மச்சினன். டேங்க் டிரைவரும் சமையல்கட்டும் அவன் கூடாரத்துக்காரர்கள். ஒரே பிரதி கைமாறிக் கைமாறி என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பிரதியைப் பார்சல் கட்டி அனுப்பியது என் மனைவி.

4

என் மனைவி பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் இருக்கிறாள். அவள் ஒட்டிய டேப்பைப் பிரிக்கக் கத்தி போதாது, பொறுமையும் வேண்டும். நான் விஷயத்தைக் கேட்டபோது மேசை மேல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், எடை கூடிவிட்டது, அதனால் கடைசியில் கொஞ்சம் தாளைக் குறைத்தேன் என்றாள்.*

* பல்செட் செய்பவனிடம் எடை பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு கடைவாய்ப்பல் கனம்கூட இருக்காது.

அதைச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தினாள்.

"குட்டை யாரு?"

"கற்பனைப் பாத்திரம்."

"அப்ப எதுக்குங்க அவன் ஸ்பூனை ரெண்டு தரம் துடைக்கிறான்? பயம் வந்தா எதுக்கு மூக்காலேயே பாடுறான்?"

என்னிடம் பதில் இருந்தது. பாத்திரம் என்பது பலரின் கலவை, எழுத்தாளன் உலகத்திலிருந்து கடன் வாங்குகிறான், மரணம் இல்லாமல் போர் நாவலுக்குக் கனம் வராது என்று ஒரு முழுக் கட்டுரையே இருந்தது. (அதை இங்கே நான்கு பத்தியாக எழுதிப் பார்த்தேன். படிக்கப் படிக்க எனக்கே என்னை அறையத் தோன்றியது. அடித்துவிட்டேன்.)

"அங்க உக்காந்துக்கிட்டு, தான் எப்படிச் சாகப் போறோம்னு அவன் படிக்கணுமா?" என்றாள். "அதையும் வீட்டு ஆளே எழுதி, கையெழுத்துப் போட்டு, நான் பார்சல் கட்டி அனுப்பணுமா?"

கடைசி அத்தியாயத்தை மட்டும்தான் கிழிக்க நினைத்தாளாம். பதிப்பாளர் தாளை மிச்சம் பிடிக்க, முந்தைய அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்திலேயே அதைத் தொடங்கியிருந்தார். அதனால் அந்தத் தாளும் போய்விட்டது. அதற்கு முந்தைய பக்கத்தின் அடியில் மிஞ்சியதுதான் 'கதவு'. என் நாவலின் மிகத் துணிச்சலான முடிவு இப்படித்தான் உருவானது.

அவள் அழவில்லை. தம்பி போன் செய்யாத நாட்களில் கவுண்டரில் யார் எதை நீட்டினாலும் முதலில் அனுப்புநர் பெயரைத்தான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

5

பதிப்பாளர் ஒரு வழி சொன்னார். நட்சத்திரம் சரிந்துகொண்டே போகிறது, இப்படியே போனால் இரண்டாம் பாகத்தை மறந்துவிட வேண்டியதுதான். கடைசி அத்தியாயத்தை அப்படியே தளத்தில் இலவசமாகப் போட்டு, இதோ முடிவு என்று விளக்கம் எழுதுங்கள், வாயை மூடிவிடுவார்கள் என்றார்.

நல்ல யோசனைதான். போட்டால் மச்சினன் படிப்பான். மனைவியிடம் கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றாள். கல்யாணமானவர்களுக்கு அந்த இரண்டு சொல்லின் அர்த்தம் தெரியும். ஆகாதவர்கள் பொறுத்திருங்கள்.

மூன்று தடவை விளக்கத்தை எழுதினேன். "அன்பு வாசகர்களே, ஒரு சிறு பிழை கார" (அழித்தேன்). "நாவலின் உண்மையான முடிவில் கேப்டன்" (அழித்தேன்). கடைசியில் தளத்தில் ஏற்றியது இது: "நாவல் 'கதவு' என்ற சொல்லோடு முடிய வேண்டும் என்பதே என் விருப்பம். ஆசிரியர்."

அடுத்து நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். முழுப் பிரதி வைத்திருந்த வாசகர்கள் பொங்கி எழுந்தார்கள். "அப்படியென்றால் என் பிரதியில் கடைசியில் இருப்பது என்ன, சமையல் குறிப்பா?" என்று ஒருவர். "குட்டைக்காக இரண்டு நாள் அழுதேன், அந்த அழுகையைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒருவர். "ஆசிரியருக்கே தன் நாவல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, நல்ல மருத்துவரிடம் காட்டவும்" என்று இன்னொருவர். இவர் தவறாமல் ஒரு நட்சத்திரமும் வைத்தார்.

பதிப்பாளர் போனில் நீண்ட நேரம் தும்மினார். பிறகு, வேறு தொழில் பாருங்கள் என்றார். ஏற்கெனவே இருக்கிறது என்றேன். அன்று சாயங்காலம் மனைவி கேட்காமலேயே டீ போட்டு வைத்தாள். என் எழுத்து வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அதுதான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

6

இப்போது இந்தக் கதையை முடிக்க வேண்டும். வரைவை மனைவியிடம் கொடுத்தேன். நீ கிழித்தது இதில் வருகிறதே, தம்பி பார்த்தால் என்று கேட்டேன். அவன் சிறுகதையெல்லாம் தொட மாட்டான், நானூறு பக்கத்துக்குக் குறைந்தால் அவனுக்கு ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கும் என்றாள். தைரியமாக முடிவுகளை எழுதிக் காட்டினேன்.

முடிவு அ: மச்சினன் லீவில் வருகிறான். கதவு என்ன ஆனது என்று கேட்கிறான். நான் உண்மையைச் சொல்கிறேன். (மனைவி பேனாவை வாங்கிக் குறுக்கே கோடு போட்டாள்.)

முடிவு ஆ: நான் பொய் சொல்கிறேன். கதவு திறந்தது என்கிறேன். (உங்களுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும், கண்டுபிடித்துவிடுவான் என்று இதற்கும் கோடு.)

முடிவு இ: செய்தியில் (இதை முடிக்கவிடவில்லை. தாளையே கசக்கிவிட்டாள். நானும் எழுதியிருக்கக் கூடாதுதான்.)

பிறகு அவளே ஒன்று சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்: வாசலில் மணி அடித்தது. அக்கா கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். கதவு

7

மனைவி போய்விட்டாள் அல்லவா? அவளுடைய பிரதி ஆறாம் பகுதியோடு முடிந்துவிடும். இது உங்களுக்கு மட்டும்.

அந்த விளக்கத்தை ஏற்றிய மறுநாள் லேபில் ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். மச்சினன் போன் செய்தான். அக்காவுக்குச் செய்யாமல் எனக்குச் செய்ததால், பல்செட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றான். பிறகு, அந்த விளக்கத்துக்கு நன்றி என்றான்.

"புத்தக முதுகுல கிழிஞ்ச தாள் ஓரமெல்லாம் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு மாமா. பார்சலைப் பிரிச்ச அன்னிக்கே பாத்துட்டேன். அக்கா கிழிச்சிருக்கான்னா குட்டை செத்துட்டான்னுதானே அர்த்தம்?"

தெரிந்துகொண்டே எதற்கப்பா ஒற்றை நட்சத்திரம், எதற்கு அவ்வளவு வசவு என்று கேட்டேன்.

"உங்களப் பத்தி வர்ற கருத்து ஒண்ணையும் அக்கா விடாமப் படிப்பா. நான் பத்திரமா இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டா. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா நம்புவா. அதான் கோவமா எழுதினேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டாம் பாகத்தில் குட்டையைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ மூக்காலேயே ஏதோ பாடுவது கேட்டது.

"அது உங்க இஷ்டம் மாமா. ஆனா பேரை மாத்துங்க. நான் அவ்வளவு ஒண்ணும் குட்டை இல்ல."

லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை சிக்னல் இல்லை. செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக, அக்கா தம்பிக்குத் தெரியாமல் கிழித்தாள். தம்பி அக்காவுக்குத் தெரியாமல் திட்டினான். இப்போது என் முறை. இந்தப் பத்திரிகை வந்ததும் எங்கள் வீட்டுப் பிரதியில் இந்த ஏழாம் பகுதியை நானே கிழித்துவிடுவேன். ஆனால் அது போதாது. வெளியூர்களுக்குப் போகும் கட்டுகள் எல்லாம் அவள் கவுண்டர் வழியாகத்தான் போகின்றன. பக்கத்து வீட்டில் ஒரு பிரதி கிடக்கும். பஸ்ஸில் யாராவது மடியில் வைத்திருப்பார்கள். அவள் எட்டிப் பார்க்கிற ரகம்.

அதனால் முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். படித்து முடித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். சுத்தமாக, ஓரம் தெரியாமல். அவளைப் போல அவசரத்தில் கிழிக்காதீர்கள். பிறகு மறக்காமல் பத்திரிகையின் தளத்தில் கருத்து எழுதுங்கள். கதை பாதியில் நிற்கிறது, கதவு என்ன ஆனது என்றே தெரியவில்லை, இந்த ஆளுக்கு முடிக்கவே வராது என்று வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். ஒரு நட்சத்திரம் போதும். தயவுசெய்து யாரும் நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.