ஏழாவது ரீல்

1954 ஆடியில், செத்து எழுபது நாளான சுருளியம்மாள் ஒரு வெள்ளைக்காரப் படத்தின் நாலாவது ரீலில் வந்தாள். போடியிலிருந்து கழுதைமேல் ஏறி வந்த படம் அது. ஆப்பரேட்டர் காசிராஜன் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் ஒரு ஆட்டம் காட்டிவிட்டு இறங்குவதாக ஏற்பாடு. மறுநாள் மழையில் பாதை சரிந்துவிட்டது. காய் வராத மாதம். அதனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தினமும் சாயங்காலம் அதையே ஓட்டினார்கள். ஒரு மலைக்கோட்டையில் கறுப்பு அங்கிக்காரன் பெண்களின் ரத்தத்தைக் குடிக்கிறான். குடிக்கப்பட்டவர்கள் சாகாமல் அவன் பின்னால் நடக்கிறார்கள். மூன்றாம் நாள் அந்த வரிசையின் கடைசியில், சுங்குடிச் சேலையில், சுருளியம்மாள் நின்றாள்.

"என்னத்தா இப்பிடி மெலிஞ்சு போனா" என்றாள் களை வெட்டும் வேலுத்தாய்.

"அங்கன கஞ்சியா ஊத்துறான்? இருக்கிறதையும்ல உறிஞ்சுறான்" என்றாள் அன்னக்கொடி. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

சுருளியின் புருஷன் மலைச்சாமி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மதுரையில் பி.ஏ. படித்தவன். மலைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோனபோது கல்யாணமாகிப் பதினான்கு மாதம். ஏழாவது ரீலில் கதாநாயகன் அங்கிக்காரன் நெஞ்சில் மர ஆப்பை அடிப்பான். பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியின் சவப்பெட்டியையும் திறந்து அடிப்பான். கடைசிப் பெட்டி சுருளியுடையது. மலைச்சாமி அதை ஒரு தடவை பார்த்தான். மறுநாள் காசிராஜனிடம் போனான்.

"அண்ணே, ஆறோட நிப்பாட்டிருங்க."

"ஆறோட நிப்பாட்டுனா அவன் சாக மாட்டானே, ரைட்டரே?"

"சாகாட்டி என்ன."

சாகாததால் அங்கிக்காரன் எஸ்டேட் மலையிலேயே தங்கினான். ஒரு வாரத்தில் லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்களின் கழுத்தில் இரண்டிரண்டு புள்ளி தெரிந்தது. யாரும் பயப்படவில்லை. விடிந்ததிலிருந்து கணுக்காலில் அட்டை ரத்தம் குடிக்கிற மலை, கழுத்துதான் புதுசு. அட்டைக்குப் பூசுகிற சுண்ணாம்பையும் புகையிலையையும் அங்கேயும் பூசினார்கள். மழை அதைக் கரைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் அன்னக்கொடியின் நகங்கள் வெளுத்தன. அவள் புருஷன் தவசி ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"ரைட்டரய்யா, ஏழாவதப் போடச் சொல்லுங்க. புள்ளத்தாச்சி தாங்க மாட்டா."

மலைச்சாமி நாளைக்கு என்றான். மூன்று நாள் நாளைக்கு என்றே சொன்னான்.

நாலாம் நாள் அன்னக்கொடியைக் கம்பளியில் தூக்கி வந்து திரைக்கு எதிரே கிடத்தினார்கள். நாலாவது ரீல் ஓடும்போது சுருளியம்மாள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, ஏழாவதப் போடுங்க. அவ சாகக் கெடக்கா. எனக்கும் கால் கடுக்குது, எம்புட்டு நாளைக்கு இங்கன நிக்கிறது?"

படத்தில் அதுவரை யாரும் தமிழ் பேசியதில்லை. மலைச்சாமி ஏழாவது ரீலின் தகரப் பெட்டியைத் தானே எடுத்துக் கொடுத்தான். அங்கிக்காரன் செத்துப் புகையானான். கதாநாயகன் கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் சுருளியம்மாள் அதிலிருந்து எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, திரையின் இடது ஓரமாக நடந்து வெளியே போனாள். ஆப்பு வெறும் பெட்டியில் இறங்கியது. மலைச்சாமி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே காய் உலர்த்தும் தட்டுகள்தான் அடுக்கியிருந்தன.

பாதை ஆவணியில் திறந்தது. அன்னக்கொடிக்குப் புரட்டாசியில் பெண் பிறந்தது. படம் போடி, தேவாரம், சிலமலை எங்கும் ஓடியது. வெறும் பெட்டியில் ஏன் அடிக்கிறான் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை. மலைச்சாமி எங்கே ஓடினாலும் போய்ப் பார்ப்பான். நாலாவது ரீலில், வரிசையின் கடைசியில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுந்து பஸ்சுக்குப் போவான்.