பின்சுவர்

விக்னேஷ் செத்த நட்சத்திரம் சரியில்லை, ஆறு மாசம் அடைப்பு என்றார்கள். அப்படிச் செத்தவரை வாசல் வழியாக எடுத்துப் போகக் கூடாதாம். போன வழியை ஞாபகம் வைத்துத் திரும்பி வருவாராம். வந்தால் வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவாராம். அதனால் எங்கள் வடகவுஞ்சி வீட்டின் பின்சுவரைக் கடப்பாரையால் பெயர்த்து, அந்த ஓட்டை வழியாகத்தான் என் புருஷனைத் தூக்கிப் போனார்கள். வீட்டைப் பூட்டினார்கள், அடைப்பு முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாதென்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் அந்த வாசலில் செருப்பைத் தாறுமாறாக விட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு, செத்ததும் வாசல் மறந்துபோகுமா?

நான் கொடைக்கானலில் மண்வீடு கட்டிக் கொடுப்பவள். சிமெண்டு சூளை எவ்வளவு கரிப்புகையைக் கக்குகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் பேசிப் பேசித் தொண்டை வற்றியவள். அடைப்பு முடியக் காத்திருக்காமல் அந்த வீட்டை இடித்தேன். பழைய சுவர் மண்ணையே ஊறவைத்து, சுண்ணாம்பு கலந்து மிதித்து, அதே அஸ்திவாரத்தில் புதுச்சுவர் எழுப்பினேன். ஒரு மூட்டை சிமெண்டு மலையேறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குடிபோன பிறகு பின்சுவர் வெடித்தது. மற்ற சுவர்கள் கல்லாட்டம் நின்றன. பூசிப் பார்த்தேன். அந்த இடத்தை மட்டும் இடித்துக் கட்டியும் பார்த்தேன். காயக் காய, இரண்டு கோடுகள் தரையிலிருந்து எழுந்து மேலே போய்ச் சேர்ந்துகொண்டன. நடுவில் பாடை நுழைகிற அகலம்.

கொழுந்தன் செந்தில்வேல் பூண்டுக் காட்டிலிருந்து வந்தவன் அதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான்.

"மதினி, இது அண்ணனத் தூக்கிட்டுப் போன ஓட்டையில்ல? வெரசா காங்கிரீட் போட்டு அடைங்க."

"மண்ணு காஞ்சா வெடிக்கத்தான் செய்யும் தம்பி. போயி உங்க சோலியப் பாருங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. வந்தால் வரட்டுமே என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு தவித்துக் கிடந்தேன். வெடிப்பு அகன்று, மூடுபனி அதன் வழியாக உள்ளே வரத் தொடங்கியது. நான் அடைக்கவில்லை.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ரோகிணி அந்தச் சுவரோரம் உட்கார்ந்து யாரிடமோ பேச ஆரம்பித்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. மருந்துக்கும் ஊசிக்கும் விடவில்லை. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "அப்பா என்னையக் கூப்பிடுறாரும்மா, போகட்டா?" என்றாள்.

என் கொள்கையெல்லாம் காற்றில் போயிற்று. செந்தில்வேலுக்குப் போன் போட்டேன். ஜீப்பில் சிமெண்டு வந்தது. கம்பி கட்டி, பலகை அடித்து, நானே கரண்டி பிடித்து அந்த இடத்தைக் காங்கிரீட்டால் அடைத்தேன். அழுதுகொண்டேதான் அடைத்தேன்.

காங்கிரீட் இறுகியது. மயிரிழை வெடிப்புகூட இல்லை. ரோகிணியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"இனிமே அப்பா வர முடியாது, கண்ணு. பயப்படாத."

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா உள்ளதானம்மா இருக்காரு. அவருக்குத்தான் வாசல் தெரியாதே. இனி எப்படி வெளிய போவாரு?"