அவன் பெயரில் ஓடிய டேட்டாபேஸ்

மின்சாரத்தை நிறுத்தி யூபிஎஸ் பேட்டரி மாற்ற வந்தவர்கள் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். சர்வர் அறையில் விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுற்றின, எல்லாவற்றுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. டேட்டாபேஸுக்கு மட்டும் வரவில்லை. அவள் திரையில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினாள். பச்சைக் கோடு பாதிவரை ஓடி நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே பாதி.

அது ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடம். கீழ்த்தளத்தில் முப்பது பேர் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில், சர்வர் அறையை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள் மூன்று பேர் இருந்தார்கள். அவள், பக்கத்து நாற்காலியில் நெட்வொர்க் பார்ப்பவர், இரண்டு பேர் முதுகுக்கும் பின்னால் மேனேஜர். நெட்வொர்க் பார்ப்பவருக்கு ஆபீஸில் ஊமைக்கோட்டான் என்று பெயர். காலையில் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

"என்னம்மா, எழுந்திருக்குமா எழுந்திருக்காதா?" என்றார் மேனேஜர்.

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"நல்லாப் பாருங்க. உங்க வேலைய நிரந்தரம் பண்ற பேப்பர்ல திங்கக்கிழமை நான்தான் கையெழுத்துப் போடணும்."

அவள் கெட்டிக்காரி, அதை எதிரிகூட மறுக்க முடியாது. மளமளவென்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிஸ்க்கில் இடம் இருந்தது. ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. பிழைக் குறிப்பின் கடைசி வரியில் 'லாகின் தோல்வி' என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர். அதை இன்னொரு முறை படித்தாள். அது அவள் அண்ணன் பெயர்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். அப்பா போன பிறகு அவள் வளர்ந்ததெல்லாம் பெரியப்பா வீட்டில்தான். இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததும் அண்ணன்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டின்போது, வேறு இடத்தில் ஒரு இன்டர்வியூவுக்குப் போய் வந்ததாக அவளிடம் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதை அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்த கையோடு செய்தாள். மேனேஜர் கேட்கக்கூட இல்லை. தானாகவே அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அண்ணனின் நாற்காலி அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் காவலாளி வந்து நின்றார். "அவன் திரையப் பூட்டிட்டு, லாகின் கணக்க முடக்குங்க" என்று மேனேஜர் அவளிடம் சொன்னார். முடக்கினால் என்றைக்காவது திரும்பத் திறக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அழித்தே விட்டாள். அண்ணன் ஏதோ ஒரு மெயிலைப் பாதி எழுதியிருந்தான். திரை பூட்டிக்கொண்டதும் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கீபோர்டைப் பார்த்தாள். புது இடத்துக்கும் மேனேஜர் ஒரு போன் போட்டு அந்தக் கதவையும் சாத்திவிட்டார்.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் டேட்டாபேஸை நிறுவும்போது அதற்கென்று தனியாக ஒரு கணக்கு கேட்டிருக்கிறான் அண்ணன். அதற்கு மூன்று கையெழுத்துள்ள படிவம் வேண்டும். படிவம் மேனேஜர் மேஜையில் நாலு மாதம் தூங்கியது. சரி, தற்காலிகமாக இருக்கட்டும் என்று தன் பெயரிலேயே ஓட விட்டுவிட்டான். ஆபீஸ்களில் தற்காலிகமாகச் செய்ததற்குத்தான் ஆயுசு கெட்டி. ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் டேட்டாபேஸை யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. படுத்து எழுந்திருக்கும்போதுதான் கேட்கிறார்கள். அழிந்துபோன ஒருவனின் பெயரைச் சொல்லி அது உள்ளே வரப் பார்த்தது.

அவள் யோசித்து நிற்கவில்லை. அண்ணன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தாள், ஃபைல்களைத் தொடத் தன் கணக்குக்கு அனுமதி போட்டாள், ஸ்டார்ட்டை அமுக்கினாள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது. மணி பத்து பத்து.

"அதானே பாத்தேன்" என்று மேனேஜர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கீழிருந்து போன் வந்தது. ரிப்போர்ட் போடுகிற புரோகிராம் டேட்டாபேஸுக்குள் லாகின் ஆகவில்லை. அதுவும் அண்ணன் பெயரில்தான் என்றைக்கோ உள்ளே போய், இன்று காலைவரை வெளியே வராமலே இருந்தது. அதற்குப் புதிதாக ஒரு லாகின் போட வேண்டுமானால் டேட்டாபேஸின் தலைமை லாகின் வேண்டும். அதன் பாஸ்வேர்டு ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவளுக்கு உள்ளே இருப்பதைப் படிக்கத்தான் உரிமை, மாற்ற உரிமை இல்லை.

"அவனுக்குப் போன் போடுங்க" என்றார் மேனேஜர்.

அவள் எண்ணை அமுக்கினாள். போனை எடுத்தது அண்ணி.

"அண்ணி, நான்தான். அண்ணன் இருக்காரா?"

"இருக்காரு. ஆறு வாரமா வீட்லதான் இருக்காரு. வேற எங்க போவாரு?"

அண்ணன் வந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள், அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஸ்பீக்கர்ல போடு குட்டி. நானும் போடறேன். அப்பா பக்கத்துலதான் இருக்காரு."

"எதுக்குண்ணா?"

"என்னடா தப்பு பண்ணின, சும்மாவா அனுப்புவாங்கன்னு ஆறு வாரமா என்னைக் கேக்கறாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. தங்கச்சியப் பாத்துக் கத்துக்கோங்கறாரு. நீ சொன்னா நம்புவாரு, சொல்லு."

"அண்ணா, கீழ ஒரு பெரியவருக்குப் பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன். ரிப்போர்ட் வரணும்."

"அப்ப சீக்கிரம் சொல்லு."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் கையை ஆட்டி, சொல்லித் தொலை என்பது போல ஜாடை காட்டினார். அவள் சொன்னாள். இன்டர்வியூ விஷயத்தைத் தான்தான் போய்ச் சொன்னதாக, யாரும் கேட்காமலே சொன்னதாக, கணக்கை அழித்ததும் தான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அழித்தது என்று கேட்டதும், முடக்கத்தானே சொன்னேன் என்பது போல மேனேஜர் அவளை முறைத்தார். பெரியப்பா அவளிடம் எப்போது பேசினாலும் முதலில் சாப்பிட்டியா என்றுதான் கேட்பார். இன்றைக்குக் கேட்கவில்லை.

"சரிம்மா, வேலையப் பாரு" என்றார். நாற்காலி நகர்கிற சத்தமும், செருப்புச் சத்தம் தள்ளிப் போவதும் கேட்டது.

"பாஸ்வேர்டு சொல்லுண்ணா."

"மறந்து போச்சு. ரேக் கதவைத் திற. உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும்."

ஊமைக்கோட்டான் சர்வர் அறைக்குப் போய், சர்வர்கள் அடுக்கிய ரேக்கைத் திறந்து தாளைப் பிய்த்து வந்தார். பழுத்துப்போன தாள், அண்ணன் கையெழுத்து. 'தலைமை பாஸ்வேர்டு மறந்துபோனால்' என்று தலைப்பு, அதற்குக் கீழே ஆறு வரி. டேட்டாபேஸை நிறுத்து, ஒரே ஒருவரை மட்டும் உள்ளே விடுகிற முறையில் தொடங்கு, சர்வரின் அட்மினாக நுழை, புதிய தலைமை லாகின் போடு, நிறுத்து, வழக்கம்போலத் தொடங்கு.

"இதுக்கு நான் தேவையே இல்ல குட்டி" என்றான் அண்ணன். "பத்து நிமிஷ வேலை. தினமும் அந்தக் கதவைத் திறந்துதான பேக்கப் டேப் மாத்தற? தாள ஒரு நாள் படிச்சிருந்தா இன்னைக்கு எங்கப்பாகிட்ட வாயே திறந்திருக்க வேண்டாம்."

மேனேஜர் தாளை வாங்கி, சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். அவள் தட்டினாள். பத்து நாற்பதுக்குப் புரோகிராம் லாகின் ஆனது.

"ரொம்ப நன்றிப்பா" என்று மேனேஜர் போனைப் பார்த்து இழைந்தார்.

"இருக்கட்டும் சார். ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இப்ப டேட்டாபேஸ் யார் பேர்ல ஓடுது?"

மேனேஜர் அவளைப் பார்த்தார்.

"என் பேர்ல சார்" என்றாள். "தற்காலிகமாத்தான்."

ஸ்பீக்கரில் அண்ணன் சிரித்தான். "அப்ப அவள ஒண்ணும் பண்ண முடியாது சார் உங்களால. மொதல்ல பேர மாத்துங்க." போனை வைத்துவிட்டான்.

மேனேஜர் தன் அறைக்குப் போனார். ஆறு வருடமாகக் கையெழுத்தாகாத அந்தப் படிவத்துக்கு மூன்று கையெழுத்தும் ஏழு நிமிஷத்தில் விழுந்தன. அதை அவள் முன்னால் வைத்து, "தனிக் கணக்கு போட்டு அதுக்கு மாத்துங்க. கீழ சொல்லிட்டேன், அஞ்சு நிமிஷம் நிறுத்திக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

தன் பெயர் அங்கே இருக்கிற வரைக்கும் தன்னைத் தொட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை பேப்பர் கண்ணுக்குள்ளேயே நின்றது. சொன்னபடி செய்தால் ஒருவேளை மன்னித்துவிடுவார் என்று நினைத்தாள். ஆசை யாரைத்தான் விட்டது? புதுக் கணக்கைப் போட்டாள், அதற்கு அனுமதிகளைக் கொடுத்தாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையாலேயே அழித்து, புதுப் பெயரைத் தட்டினாள். ஸ்டார்ட்டை அமுக்கினாள். பச்சைக் கோடு எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்தது.

பதினொன்றரைக்குக் கிழவரின் ரிப்போர்ட் அச்சாகிவிட்டதென்று கீழிருந்து போன் வந்தது.

"முடிஞ்சுது சார்" என்று அவள் திரும்பினாள். மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை. ஊமைக்கோட்டானைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அவள் திரை பூட்டிக்கொண்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து காவலாளி உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். ஊமைக்கோட்டான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடலியே?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், முடக்கத்தான் செஞ்சிருக்கேன்" என்றார் ஊமைக்கோட்டான். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.