சுமை என்று ஒரு தலைப்பு

மூன்று நாள் விடுப்பு முடிந்து நூலகர் புதன்கிழமை காலையில் உள்ளே நுழைந்தபோது, வாசிப்புக் கூடத்தின் ஆறு மேசைகளும் தெரியாத அளவுக்குப் புத்தகம் குவிந்து கிடந்தது. குவியலுக்குப் பின்னால் பெரும்புள்ளி நின்றார். முகத்தில் பரிசு வாங்கப் போகிறவரின் களை.

பெரும்புள்ளி நூலகத்தின் உதவியாளர். புத்தக முதுகில் ஒட்டும் சீட்டில், எண்ணுக்கு நடுவே வைக்கும் புள்ளியைக் கடுகளவு வைக்காமல் மிளகளவு வைப்பார். அதனால் வந்த பெயர். மற்றபடி அந்தக் கல்லூரியில் அவரைவிடச் சின்னப் புள்ளி கிடையாது.

"நீங்க எழுதி வெச்சுட்டுப் போன மாதிரியே எடுத்துட்டேன் மேடம்," என்றார். "இருநூத்திப் பதினொண்ணு தேறுச்சு."

நூலகர் மேலே கிடந்ததை எடுத்தாள். பாலங்களின் மேல் நகரும் சுமைகள். அதற்குக் கீழே மின்சுமைப் பகிர்மானம். அதற்கும் கீழே, வழக்கில் மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்று எழுநூறு பக்கத்துக்கு வாதாடும் சட்டப் புத்தகம். பொதி சுமக்கும் கழுதைகளின் பராமரிப்பு பற்றியும் ஒன்று இருந்தது.

மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது. கல்லூரியில் உழைப்பியல் என்று ஒரு புதுத் துறை. மனிதன் செய்கிற வேலையை மருத்துவம், சட்டம், பொருளியல், பொறியியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சேர்த்துப் படிக்கிற படிப்பு. அந்தத் துறைக்கென்று தனித் தொகுப்பு ஒன்று நூலகத்தில் இருந்தால்தான் அனுமதி. இல்லையென்றால் சேர்ந்திருக்கிற இருபத்தாறு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அனுமதி வந்த பிறகுதான் புதுப் புத்தகம் வாங்கலாம். அதுவரைக்கும் மற்றத் துறைகளின் அலமாரியிலிருந்து பொறுக்கிச் சேர்த்தே ஒப்பேற்ற வேண்டும். அந்த இருபத்தாறு பேரின் விண்ணப்பங்களையும் நூலகர் வாங்கிப் பார்த்திருந்தாள். பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் கல் உடைப்பது, சாக்கடை அள்ளுவது, செங்கல் அறுப்பது என்று இருந்தது. வேறு எந்தத் துறையும் இவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் எழுதி வைத்துப் போன சீட்டு மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. 'உழைப்பியலுக்கு: சுமை சம்பந்தப்பட்டதை எல்லாம் எடுத்து வைக்கவும்.'

கையெழுத்து அவளுடையதுதான். குற்றமும் அவளுடையதுதான். அவள் அப்பா, பெரியப்பா, அண்ணன் மூன்று பேரும் சந்தைக் கிடங்கில் மூட்டை தூக்கினவர்கள். அந்த வீட்டில் யாரும் வேலைக்குப் போனதில்லை, சுமைக்குத்தான் போனார்கள். அடுப்பு எரியாத நாளில் "இன்னைக்குச் சுமை இல்ல" என்பார்கள். அவளும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில், வேலை என்று எழுத வேண்டிய இடத்தில் வீட்டுச் சொல்லை எழுதிவிட்டாள். பெரும்புள்ளியின் அப்பா தபால்காரர். அவர் வீட்டில் சுமை என்றால் சுமைதான்.

"என்ன மேடம், ஏதாவது விட்டுப் போச்சா?"

"ஒண்ணும் விட்டுப் போகல. அதான் பிரச்சினை," என்றாள்.

அவள் கூடவே அண்ணனும் வந்திருந்தான். இடுப்பில் அகலமான பட்டை. அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இனிமேல் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். மதியம் அவள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறவரை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள். நூலகரும் பெரும்புள்ளியும் புத்தகங்களை அந்தந்தத் துறை அலமாரிக்குத் திரும்பக் கொண்டுபோவதைப் பார்த்ததும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை; இரண்டைத் தூக்க எழுந்தான். அவள் ஒரு முறை முறைத்தாள். "பாப்பா, நான் தூக்காத கனமா இது?" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தவன், கையில் கிடைத்த ஒன்றை மடியில் வைத்துப் படம் பார்க்க ஆரம்பித்தான்.

பதினோரு மணிக்குப் பொறியியல் பேராசிரியர் காற்று மாதிரி வந்தார். தன் துறைப் புத்தகத்தை யார் கேட்டு எடுத்தது, பத்து நிமிடத்தில் வகுப்பு, பாலப் புத்தகம் எங்கே என்று ஒரே மூச்சில் கேட்டார். நூலகர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேடினாள். அது அண்ணன் மடியில் இருந்தது.

அவன் கொடுக்கவில்லை. பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "சார், பாலத்துக்கு இவ்வளவு கனந்தான் ஏத்தலாம்னு போட்டிருக்கே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டான்.

கேள்வி கேட்டால் வாத்தியாருக்குக் கோபம் நிற்காது. எவ்வளவில் உடையும் என்று முதலில் பார்ப்போம், அதில் பாதிக்கும் கீழேதான் அனுமதிப்போம் என்று விளக்கினார். சின்னக் கனமே ஆனாலும் ஆயிரம் தடவை, லட்சம் தடவை என்று ஏறி இறங்கினால் இரும்புக்கும் அசதி வரும், விரிசல் விடும், அதற்கும் கணக்கு இருக்கிறது என்றார்.

"இரும்புக்கே அசதி உண்டா?"

"பின்ன?"

அண்ணன் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான். "அப்போ எனக்கு எவ்வளவு போட்டிருக்கு சார்?"

பேராசிரியர் பாலப் புத்தகத்தை வாங்கி ஒரு முறை புரட்டினார். நூலகரைப் பார்த்தார். அவள் சட்டக் குவியலைப் புரட்டி ஒன்றை எடுத்தாள். ஒரு ஆள் ஒரு தடவைக்கு எவ்வளவு தூக்கலாம் என்று அதில் ஒரு எண் இருந்தது. பெரும்புள்ளி ஓடிப்போய் மருத்துவ அலமாரியிலிருந்து முதுகெலும்புப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். எலும்புக்கு நடுவிலுள்ள தட்டு விலகினால் எப்படி வெட்டி எடுப்பது என்று அதில் இருந்தது, எத்தனை மூட்டையில் விலகும் என்று இல்லை.

"ஒரு தடவைக்குச் சரி," என்றான் அண்ணன். "சந்தைக் கிடங்குல நான் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை தூக்கினேன். முப்பது வருஷம். அது எதுல இருக்கு?"

வகுப்புப் பிள்ளைகள் வாத்தியாரைத் தேடி வந்து வாசலில் எட்டிப் பார்க்கும்வரை, பேராசிரியரும் நூலகரும் மாறி மாறிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நூலகர் புத்தகங்களைத் திரும்ப அனுப்புவதை நிறுத்தினாள். மின்சுமை போயிற்று. பாலம் இருந்தது. யோசித்துவிட்டுக் கழுதையையும் வைத்துக்கொண்டாள். மதியம் அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வியை எழுதி நிறுத்தினாள். உடம்பு எவ்வளவு தாங்கும்? வேலை நேரத்தை யார் முடிவு செய்தது? இயந்திரம் வந்ததும் அந்த ஆள் எங்கே போனான்? எந்தத் துறைப் புத்தகம் பதில் சொல்கிறதோ அது அந்த மேசைக்கு. பெரும்புள்ளிக்குத்தான் ஆறவில்லை. "அறுநூத்துச் சொச்சம் நம்பர் பொறியியலுக்குப் பக்கத்துல முந்நூத்துச் சொச்சம் நம்பர் சட்டத்தை வெக்கச் சொல்றீங்களே மேடம், வரிசையே கெட்டுப் போகும்," என்றார். கெட்டால் கெடட்டும், வையுங்கள் என்றாள்.

வியாழக்கிழமை ஆய்வுக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சிரிக்கிற ரகம் இல்லை. முதல் மேசையிலேயே பாலப் புத்தகத்தைத் தூக்கி, இதற்கு இங்கே என்ன வேலை என்றார். தன் புத்தகத்துக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்த பொறியியல் பேராசிரியர், நூலகர் வாய் திறக்குமுன் முந்திக்கொண்டு இரும்பின் அசதியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். இனி அந்தப் புத்தகம் இங்கேதான் இருக்கும், வேண்டுமானால் தான் இங்கே வந்து படித்துக்கொள்வதாகவும் சொன்னார். நூலகருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

கடைசி மேசையில் கேள்வி மட்டும் நின்றது. 'ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க எவ்வளவு தூக்கலாம்?' அதன் முன்னால் ஒரு புத்தகமும் இல்லை.

"காலி மேசையைக் காட்டியா அனுமதி கேக்குறீங்க?" என்றார் தலைவி.

நூலகர் சாய்ந்திருந்த கேள்விச் சீட்டை நிமிர்த்தி வைத்தாள்.

"தேடிப் பார்த்தோம்மா. எந்த அலமாரியிலயும் இல்ல. இருந்திருந்தா இந்தத் துறை எதுக்கு? பழைய துறைகளே போதுமே."

தலைவி அந்தக் கேள்வியை இன்னொரு முறை படித்தார். கூட வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிவத்தை எழுதினார். இரண்டு வருடத்துக்கு மட்டும் அனுமதி. மறுபடி வரும்போது இந்த மேசையில் ஒன்றாவது இருக்க வேண்டும், அது இந்த மாணவர்கள் எழுதியதாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் இருபத்தாறு பேரையும் கூடத்தில் நிறுத்தி நூலகர் விஷயத்தைச் சொன்னாள். கைதட்டல் அடங்கியதும் ஒருத்தி, அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாள். நூலகருக்குமே தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த பொறியியல் பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குச் சந்தைக் கிடங்குக்கு வந்துருங்க. தராசு நான் கொண்டு வரேன்."

"சார், நீங்களும் தூக்குவீங்களா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார். "ஒண்ணு தூக்கிப் பாக்குறேன்," என்றார்.