கஸ்தூரியின் பதினோராவது மாசம்

காலை ஆறு மணிக்கே செங்கம் ரோடு முக்கில் சித்தாள்கள் கூடிவிடுவார்கள். மேஸ்திரி ராஜமாணிக்கம் டிராக்டரில் வந்து, இறங்காமலே பேர் சொல்லுவார். பேர் விழுந்தவள் சோற்றுத்தூக்கோடு டிரெய்லரில் ஏறிக்கொள்ள வேண்டும். ஐந்து மாதமாகக் கஸ்தூரியும் தினம் வந்து நிற்கிறாள். அவள் பேரைத் தவிர ஊரில் உள்ள பேரெல்லாம் அவர் வாயில் வரும்.

"இன்னா மேஸ்திரி, நான் கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியுது கஸ்தூரி, அதான் பயமா இருக்குது. சாரத்து மேல நீ உசுர வுட்டுட்டா கேஸு எனக்கில்ல? ஆறு மாசம்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"அந்த ஆறு மாசம் முடிஞ்சி அஞ்சு மாசம் ஆவுது."

"அப்ப இன்னிக்கோ நாளைக்கோன்னுதான அர்த்தம்?"

டிராக்டர் கிளம்பிவிட்டது.

அந்த ஆறு மாசம் பிறந்த கதையை நினைத்தால் கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து இரண்டு வருஷம் கழித்து, அது மூளைக்குப் பரவிக் கட்டியாகிவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். எட்டாம் நாள் டாக்டர் அவள் புருஷன் ஆதிமூலத்தைக் கூப்பிட்டு, தானே நடக்கிறாளா, தானே சாப்பிடுகிறாளா, தலை வாரிக்கொள்கிறாளா என்று கேட்டார். மூன்றையும் அவள் செய்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் தேறிவிட்டாள் என்று சொன்னால் மறுநாளே கட்டிலைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் ஓதி வைத்திருந்தார். ஆதிமூலம் கையைக் கட்டிக்கொண்டு, "அவளால ஒண்ணும் முடியாதுங்க சார், எல்லாம் நான்தான்" என்று சொல்லிவிட்டான். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு ஆறு மாசம் என்றார். புருஷன் புண்ணியவான் ஊருக்கு வந்து அதை மேஸ்திரியிடமும் சொல்லி அழுதுவிட்டான்.

ஆறு மாசம் முடிந்ததும் கஸ்தூரி தனியாகவே பஸ் ஏறி டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"யாரோட வந்தே?"

"நானேதான் சார். சோறாக்கி வெச்சிட்டு வந்தேன். அன்னிக்கி என் ஊட்டுக்காரர் சொன்னது பூராப் பொய்யி."

டாக்டர் பழைய தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தன் வேலையத் தானே செய்யறவங்களுக்குக் கணக்கே வேறம்மா. உனக்கு இருந்ததும் ஒரே கட்டி. மார்புலயும் திரும்பி வரல."

"அப்ப எத்தினி நாளு சார்?"

"ஒரு தடவ சொல்லித் தோத்துட்டேன், இனிமே சொல்ல மாட்டேன்" என்று அவர் சிரித்துவிட்டார். தலையில் மட்டும் பாரம் ஏற்றாதே என்றார்.

பதினோராவது மாசம், வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. பாதிப் பெண்கள் மலை சுற்றும் பாதையில் கற்பூரம் விற்கப் போய்விட்டார்கள். தளத்தைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். "ஏறு" என்றார் மேஸ்திரி, கஸ்தூரியின் முகத்தைப் பார்க்காமல்.

கலவை மிஷினிலிருந்து சாரத்தின் உச்சி வரை படிக்கு ஒருத்தியாக நின்றார்கள். காங்கிரீட் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. கஸ்தூரிக்கு மேல்படியில் தங்கம்மாள், மூன்று நாள் காய்ச்சலோடு வந்தவள். உச்சி வெயிலில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ண இருட்டுதுக்கா."

கஸ்தூரி அவளை நிழலுக்கு இறக்கி அனுப்பினாள். தன் பலகையில் ஒரு காலும் அவள் பலகையில் ஒரு காலுமாக நின்று, இரண்டு ஆள் வேலையை ஒருத்தியே இழுத்தாள். மார்பில் அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கிக் கனத்தது. சட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நாலரை மணிக்குக் கடைசிச் சட்டி மேலே போனது.

"மேஸ்திரி, நான் உசுரோட இருக்கேனா பாத்துச் சொல்லு!"

சாரமே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். "இருக்க தாயே, எங்களையெல்லாம் பொதைச்சிட்டுத்தான் போவ. நாளைக்கி வந்துடு. தலைச்சுமை வேணாம், கலவைக்கு நில்லு."

கஸ்தூரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டு வாசலிலிருந்தே கத்தினாள். "யோவ், வேலை கெடைச்சிடுச்சி! இனிமே எவன் கேட்டாலும், எல்லாம் அவளேதான்னு சொல்லு!" ஆதிமூலம் சிரித்தான், பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் முதல் பேரே கஸ்தூரிதான். ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே தங்கம்மாள் டிரெய்லரில் கால் வைத்தாள்.

"நீ எறங்கு. உன் எடத்துக்குத்தான் கஸ்தூரி வந்துட்டாளே" என்றார் மேஸ்திரி.

"காய்ச்ச வுட்டுடுச்சி மேஸ்திரி. தொட்டுப் பாருங்க."

கஸ்தூரி சட்டென்று எழுந்து கையை நீட்டினாள். "ஏறுடி, சீக்கிரம் ஏறு!" தங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். மேஸ்திரி டிரைவரின் முதுகில் தட்டினார். டிராக்டர் நகர்ந்தது, பிடி நழுவியது. சுமை ஏற்றத் தயாராகச் சுருட்டிய சும்மாட்டுத் துணியைத் தலையில் வைத்தபடி, தங்கம்மாள் நடுரோட்டில் நின்றிருந்தாள்.